எம்.ஆர்.ஐ. படத்தில் காந்த நனோத்துணிக்கைகள்

இரும்புத்தூளின் அருகே காந்தத்தைக் கொண்டுசென்று பார்த்திருப்பீர்கள். அத்தூளைவிட மிகச் சிறிய இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகளை நோயாளியின் இரத்தத்தினுள் செலுத்தி ஈரலைப் படமெடுக்க முடியும். 1 மில்லிமீற்றரில் 10 இலட்சம் நனோமீற்றர் உண்டு. இத்துணிக்கையின் இரும்பு ஒட்சைட்டுப் பகுதி சில நனோமீற்றர் மட்டுமே. அவை ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க டெக்ஸ்ட்ரான் எனும் பல்சக்கரைட்டுப் பூசப்படும்.

எம்.ஆர்.ஐ. பொறியில் எக்ஸ் கதிர் இல்லை. வலிய காந்தப் புலத்தில், உடல் நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் ரேடியோ அலையை உறிஞ்சிப் பின்னர் சைகையாக வெளிவிடும். அருகில் காந்தத் துணிக்கை இருந்தால் அவ்விடத்துப் புலம் சீர்குலைந்து சைகை விரைவில் மங்கும். படத்தில் அப்பகுதி கறுக்கும். பொறியை விட்டு வெளியே வந்ததும் துணிக்கை தன் காந்தத்தன்மையை இழந்துவிடும்.

இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள். துணிக்கை புற்றுநோயில் ஒட்டிக்கொள்கிறது என எழுதிவிடாதீர்கள். அதை விழுங்குபவை நலமான ஈரலிலுள்ள குப்பர் கலங்கள். புற்றுநோய்க் கட்டியில் இக்கலங்கள் பெரும்பாலும் இல்லை. ஆகவே நலமான ஈரல் கறுக்க, கட்டி வெளிறித் தெரியும். இரவில் ராகலை லயங்களில் எல்லாம் விளக்கணைந்தபின், எரியும் ஒரே விளக்கு எதிர்மலையிலிருந்தும் தெரிவதில்லையா? அதுபோலத்தான்.

1996 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் இவ்வகையினது. பின்னர் அதன் விற்பனை நின்றது. இன்று பெரிதும் பயன்படுபவை கடோலினியச் சேர்வைகளே. எனினும் 2009 இல் சிறுநீரக நோயாளரின் இரத்தச்சோகைக்கு அங்கு அனுமதி பெற்ற ஃபெருமொக்சிட்டோலும் இரும்பு ஒட்சைட்டு நனோத்துணிக்கைதான். அதன் இரும்பைக் கொண்டு உடல் ஈமோகுளோபினை ஆக்குகிறது.

வினா: கட்டியிலும் குப்பர் கலங்கள் நிறைந்திருப்பின் படம் எவ்வாறு அமையும்? காரணம் தருக.