மியூசிக் சர்வர் வாங்குமுன்

இடமாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் ஊர் ஊராக நாம் தூக்கிச் சென்ற கேசட்டுகளும் சி.டி.க்களும் இன்று பரணில் கிடக்கின்றன. நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வைத்திருக்கும் அன்பர்கள் சிலர், இவை அத்தனையையும் ஒரே பெட்டியில் ஏற்றிவைக்கும் 'மியூசிக் சர்வர்' வாங்கலாமா என்று கேட்கிறார்கள். விலை சில ஆயிரத்தில் தொடங்கிப் பல லட்சம் வரை போவதால், யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் இது.

சர்வர் என்றால் நமக்கு ஓட்டல் சர்வர்தான் நினைவுக்கு வருவார். உவமை பொருத்தமே. சாம்பாரை அவர் சமைப்பதில்லை. சிந்தாமல் இலைக்குக் கொண்டுவருகிறார். மியூசிக் சர்வரும் வட்டில் எண்களாகப் பதிந்துள்ள இசையை எடுத்து, 'டாக்' என்னும் கருவிக்கு அனுப்புகிறது. எண்களை மின்னலைகளாக மாற்றுவது டாக்தான். யு.எஸ்.பி. வழியே இணைக்கும் இன்றைய டாக்குகள் பெரும்பாலும், வந்த எண்களைச் சற்றே நிறுத்திவைத்துத் தம் சொந்தக் கடிகாரப்படி வெளிவிடுகின்றன. யார்டுக்கு வேகன்கள் முன்னே பின்னே வந்தாலும் வண்டி புறப்படுவது ஸ்டேஷன் கடிகாரப்படிதானே! ஆகவே, விலை கூடிய சர்வரில் வீணை இன்னும் இனிக்கும் என்று கடைக்காரர் சொன்னால் புன்னகைத்துவிட்டு, அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள்.

மின்விசிறி இல்லாத பெட்டியாகப் பாருங்கள். தம்புரா மட்டும் ஒலிக்கும் நேரத்தில் விசிறியின் இரைச்சல் நாராசம். பத்து வாட் பெட்டி நாள் முழுதும் ஓடினாலும் மாதம் ஏழு யூனிட்தான். அறுபது வாட் கணிப்பொறியானால் நாற்பத்து மூன்று. மின்வெட்டு உள்ள ஊர்களில் சிறிய யு.பி.எஸ். அவசியம்.

கொள்ளளவுக்கு அஞ்ச வேண்டாம். ஒரு மணி நேர சி.டி. இசை சுமார் 635 மெகாபைட். 'ஃபிளாக்' முறையில் சுருக்கினால் ஏறத்தாழ பாதியாகும், ஓர் எண்கூடக் குறையாது. எம்.பி.3 முறை சிலவற்றைக் கழித்தே சுருக்குகிறது; கழித்தது திரும்பாது. 500 சி.டி.க்களுக்கு ஒரு டெராபைட் வட்டு தாராளம்.

உண்மையான சங்கடம் பெயர்ச்சீட்டில் இருக்கிறது. இந்தப் பெட்டிகள் பாடகர், ஆல்பம், பாட்டு என்று மேல்நாட்டு முறையில் அடுக்குபவை. இணையத்திலிருந்து அவை எடுக்கும் விவரங்களில், ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறுவதால் ஒரே தியாகராஜர் மூன்று பேராகிவிடுவார். ஃபிளாக் கோப்பில் ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று நாமே தலைப்புகள் சேர்க்கலாம். ஆனால் அவற்றைச் சர்வர் காட்ட வேண்டுமே! கடையிலேயே சோதியுங்கள்: கல்யாணி ராகப் பாடல்களை மட்டும் பிரித்துத் தருகிறதா? தமிழ் எழுத்தில் தேட முடிகிறதா? ராகம்-தானம்-பல்லவி மூன்று தடங்களாகப் பிரிந்திருந்தால் இடையில் மௌனம் விழாமல் தொடர்கிறதா? மூன்றாவதில் தவறினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

கேசட்டுக்குக் குறுக்குவழி இல்லை. 90 நிமிட நாடாவுக்கு 90 நிமிடம் உட்கார வேண்டும். முதலில் டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய கேசட்டுகளை விட்டுவிட்டு, வீட்டில் பதிந்தவற்றை முதலில் ஏற்றுங்கள். புகழ்பெற்ற வித்வான்களின் கச்சேரி இன்று இணையத்தில் பெரும்பாலும் கிடைக்கும். உங்கள் பாட்டி ஊஞ்சலில் பாடிய நலங்குப் பாட்டு அந்த ஒரு நாடாவில்தான் இருக்கிறது. நாடாவோ ஆண்டுக்கு ஆண்டு நைந்துவருகிறது.

கைத்திறன் உள்ள பேரப்பிள்ளை இருந்தால், 2012-இல் வந்த ராஸ்பெரி பை வகைச் சிறு கணினிப் பலகையிலும், லிரியன் போன்ற இலவச மென்பொருளிலும் இந்த வேலை குறைந்த செலவில் முடியும். எதை வாங்கினாலும், கோப்புகள் சாதாரண வட்டுக்கு மாற்றக்கூடியவையாக இருக்கட்டும். கம்பெனி மூடினாலும் பாட்டு நம்மிடம் இருக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு வட்டு இருப்பது காப்பு நகல் ஆகாது. கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும். தனியாக ஒரு வட்டில் நகலெடுத்து, வேறு ஊரில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டில் வைத்துவிடுங்கள்.