கண்டிக்கோட்டையில் ஒரு நாள்

கேள்வி: பிள்ளைகளுடன் ஆந்திரத்திலுள்ள கண்டிக்கோட்டைக்குப் போகிறோம். பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைத் தவிர, அங்கே வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஒரு பகல் போதாது, ஓர் இரவு தங்குங்கள். சென்னை–மும்பை ரயில் பாதையில் கடப்பையைத் தாண்டி முத்தனூரில் இறங்கினால், ஜம்மலமடுகு வழியாகச் சாலையில் போய்விடலாம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும்.

விடியும் முன்பே பாறை விளிம்புக்குப் போங்கள். எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு ஓடும் இடம் அது. அடுக்கடுக்கான செம்பாறைகளில் முதல் வெளிச்சம் விழுவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தடுப்பு இல்லாத இடங்களில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பிறகு கோட்டைக்குள் நடங்கள். மாதவராயர் கோயில் கோபுரம், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். வீடுகளைப் படமெடுக்கும் முன் கேளுங்கள்.

அடுத்து பேலம் குகைகளுக்குப் போங்கள். நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து உருவாக்கிய அந்தக் குகை 3 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. 1884இல் அதைப் பதிவு செய்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1863இல் நம் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். பிள்ளைகளுக்கு அதை அங்கேயே சொல்லுங்கள்.

தண்ணீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.