உண்ணிச்செடி ஒழிப்பு: வெட்டுவது மட்டும் போதுமா?

அழகுக்காக வளர்க்கப்படும் செடி காட்டையே மூடிவிடக்கூடும் என்பதற்கு உண்ணிச்செடி தக்க சான்றாகும். வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்புதர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டங்களிலும் வேலிகளிலும் நடப்பட்ட இச்செடியின் பழங்களைத் தின்ற பறவைகள், விதைகளைக் காடுகளில் பரப்பின. நாட்டின் காடுகளில் 1,50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் இது ஊடுருவியுள்ளதாக 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது.

இதன் விளைவுகள் கிராமப் பொருளாதாரத்தையும் பாதிக்கின்றன. அடர்ந்த புதரின் கீழ்ப் புல் வளர்வதில்லை. மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. பசியால் இதன் இலையைத் தின்னும் கால்நடைகளின் கல்லீரல் பழுதுறுகிறது.

வெட்டினால் ஏன் அழிவதில்லை?

தரைக்கு மேலே வெட்டப்படும் புதர், அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்து முன்னிலும் அடர்த்தியாகிறது. தீயிட்டாலும் வேர்ப்பகுதி பிழைத்துவிடுகிறது. வெட்டிப் போட்ட தண்டு ஈரமண்ணில் பதிந்தால் அதுவும் வேர்விடக்கூடும்.

இதனைக் கருத்திற்கொண்டு, டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் குழுவினரும் எளிய முறையொன்றை வகுத்தனர். கார்பெட் புலிகள் காப்பகத்தில் இது கையாளப்பட்டது. மண்ணுக்கு அடியில் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் முதன்மை வேரை வெட்ட வேண்டும். பின்னர் புதரைத் தூக்கி, வேர் மேல்நோக்கியிருக்குமாறு கவிழ்த்து உலரவிட வேண்டும். பறவைகள் அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுகளையும் தொடர்ந்து களைய வேண்டும். வெற்றிடத்தில் உள்நாட்டுப் புல்வகைகளை வளர்த்தல் வேண்டும். இல்லையேல் களை மீண்டும் குடியேறும்.

வீட்டுத் தோட்டத்தில்

காய்கள் பழுக்குமுன் செடியை அகற்றுவது நன்று. பழமுள்ள கிளைகளைத் தனியே பிரித்து ஆழக் குழியிலிட்டு மூட வேண்டும். மற்றவற்றைக் கட்டாந்தரையில் முற்றிலும் உலர்த்திய பின்னரே எருக்குழியில் சேர்க்கலாம். வாய்க்கால், புறம்போக்கு, காட்டோரம் ஆகிய இடங்களில் கொட்டுவது களையை விதைப்பதற்கு ஒப்பாகும். கால்நடைகள் நெருங்கும் இடத்திலும் இவற்றைப் போடலாகாது.

கர்நாடகத்தின் மலை மாதேசுவர மலைப்பகுதியில் சோலிகர் பழங்குடியினர் இதன் தண்டுகளைக் கொண்டு நாற்காலி முதலிய பொருள்களைச் செய்து வருவாய் ஈட்டுகின்றனர். அகற்றும் செலவில் ஒரு பகுதியை இத்தகைய தொழில் ஈடுசெய்யும். எனினும், தண்டை மட்டும் அறுத்து வேரை விட்டுவிட்டால் களை குறையாது. வேரையும் களைந்து, நாற்றுகளையும் ஆண்டுதோறும் அகற்றினால்தான் மேய்ச்சல் நிலம் மக்களுக்கு மீளும்.