கணிப்பொறித் திரையில் எழுத்தின் தோற்றம்

ஒரே நூலை இருவர் படிக்குங்கால், இருவர் கண்ணெதிரிலும் இருப்பன ஒரே எழுத்துக்களே என்று எண்ணுவது இயல்பு. அச்சிட்ட நூலைப் பொறுத்தவரையில் அவ்வெண்ணம் சரியே. கணிப்பொறித் திரையைப் பொறுத்தவரையில் அது சரியன்று. ஒரு கட்டுரையை ஒரே எழுத்துருவில் ஒரே அளவில் அமைத்து, விண்டோஸ் இயங்குதளம் கொண்ட பொறி ஒன்றிலும், ஆப்பிள் நிறுவனத்தாரின் மேக் பொறி ஒன்றிலும், லினக்ஸ் பொறி ஒன்றிலும் திறந்து அருகருகே வைத்து நோக்குவோமாயின், ஒன்றில் எழுத்துக்கள் மெலிந்து கூர்மையாகவும், மற்றொன்றில் சற்றே தடித்து மென்மையாகவும், வேறொன்றில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டனவாகவும் காணப்படும். வரி முடியுமிடமும் சில வேளைகளில் மாறும். இவ்வேறுபாடு எதனால் விளைகின்றது, இதனால் படிப்பவர்க்கு வரும் நன்மை தீமைகள் யாவை, தமிழ் எழுத்தைப் பொறுத்தவரையில் இஃது எவ்வளவு கருதத்தக்கது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

எழுதப்படும் பொருள் எழுத்தின் வடிவை மாற்றுதல் புதியதன்று. ஓலையிற் புள்ளியிட்டால் ஓலை கிழியுமென்று அஞ்சி, நம் முன்னோர் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தே எழுதினர் என்பர். அச்சுக் காலத்திலும் இவ்வாறே. ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரினின்று தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் உருவிற் பெரியனவாயிருந்து தாளை மிகுதியும் விழுங்கினமையால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின் அச்சுவேலை 1715ல் அங்கே முடிவு பெற்றது. ஓலைக்கு ஒரு நெருக்கடி, ஈயத்துக்கு ஒரு நெருக்கடி. திரைக்கும் ஒரு நெருக்கடி உண்டு. அதனை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1. கோடும் கட்டமும்

திரை என்பது பிக்சல் என்னும் மிகச் சிறிய கட்டங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு பரப்பாகும். எழுத்துருவை வரைந்த கலைஞரோ கட்டங்களைக் கருதி வரைவதில்லை. வளைவுகளையும் கோடுகளையும் கணித முறையால் வரையறுத்து வைக்கின்றார். அவ்வளைவுகளைக் கட்டங்களின்மேற் படியவைத்து, எக்கட்டத்துக்கு மை இடுவது, எதனை வெள்ளையாக விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு இயங்குதளத்தினுடையது.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். 16 கட்ட உயரமுள்ள ஓர் எழுத்தில், நிமிர்ந்த கோட்டின் தடிப்பு அவ்வுயரத்திற் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கொள்வோம். அக்கோட்டின் தடிப்பு ஒன்றே மூன்றில் ஒரு கட்டமாகும். ஆனால் மூன்றில் ஒரு கட்டம் என்பது திரையில் இல்லை. ஆகவே வழிகள் மூன்றே உள. கோட்டை ஒரு கட்டமாகக் குறைக்கலாம். கூர்மை கிடைக்கும், எழுத்து மெலியும். இரண்டு கட்டமாகப் பெருக்கலாம், எழுத்துத் தடித்துவிடும். அல்லது ஒரு கட்டத்தை முழுக் கறுப்பாகவும், அடுத்த கட்டத்தை மூன்றில் ஒரு பங்கு நிறமுள்ள சாம்பலாகவும் ஆக்கலாம்; தடிப்பின் அளவு காக்கப்படும், விளிம்பு மங்கும். கூர்மையைப் பெற வேண்டின் வடிவத்திற் சிறிது இழத்தல் வேண்டும். வடிவத்தைப் பெற வேண்டின் கூர்மையிற் சிறிது இழத்தல் வேண்டும். இயங்குதளங்களுக்கிடையே நாம் காணும் வேற்றுமையிற் பெரும்பகுதி, இவ்விரண்டில் எதனை இழக்க ஒருப்படுவது என்ற வினாவுக்கு அவை அளித்த விடையே ஆகும்.

2. விண்டோஸ் அளித்த விடை

1991ல் ஆப்பிள் நிறுவனத்தார் ட்ரூடைப் என்னும் எழுத்துரு முறையை வெளியிட்டனர். 1992ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அதனைத் தம் விண்டோஸ் 3.1இல் ஏற்றுக்கொண்டனர். இம்முறையின் சிறப்பு யாதெனின், வளைவுகளோடு கூடச் சில கட்டளைகளையும் எழுத்துருவினுள்ளே பொதிந்து வைக்கலாம் என்பதே. 'இக்கோடு கட்டத்தின் விளிம்போடு ஒட்டி நிற்கட்டும். இவ்விரு கால்களும் ஒரே தடிப்பாயிருக்கட்டும்' என்பன போன்றவை அக்கட்டளைகள். விண்டோஸ் இவற்றைக் கண்டிப்பாகப் பின்பற்றியது. ஆதலின் அதன் எழுத்துக்கள் சிறிய அளவிலும் கூர்மையாக நின்றன. 1996ல் மாத்யூ கார்ட்டர் என்னும் எழுத்துருக் கலைஞர் மைக்ரோசாஃப்டுக்காக வரைந்த வெர்டானா என்னும் எழுத்துருவில் வழக்கமான வரிசையே தலைகீழாயிற்று. முதலிற் கட்டங்களில் எழுத்தை அமைத்து, பின்னர் அதற்கேற்ப வளைவுகள் வரையப்பட்டன.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. பழைய விண்டோஸ் முறையில் எழுத்தின் அகலமும் முழுக் கட்டங்களாகத் திருத்தப்பட்டது. 7.4 கட்ட அகலமுள்ள எழுத்து 7 கட்டத்தில் அடைக்கப்படின், 70 எழுத்துள்ள வரியில் 28 கட்டம் குறைந்துவிடும். வரி வேறிடத்தில் முறிவதற்கும், ஒரு பக்கத்தில் அடங்கிய கட்டுரை வேறொரு பொறியில் அடுத்த பக்கத்துக்கு வழிவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

1998ல் மைக்ரோசாஃப்ட் கிளியர்டைப் என்னும் உத்தியை அறிவித்தது. திரையின் ஒவ்வொரு கட்டமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கீற்றுக்களால் ஆனது. அம்மூன்றையும் தனித்தனியே ஆண்டால், அகலவாட்டில் கட்டங்கள் மும்மடங்கானாற்போன்ற பயன் கிடைக்கும். 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இவ்வுத்தி இருந்தும், பயனர் தாமே அதனை இயக்க வேண்டியிருந்தது. 2007ல் வந்த விஸ்டாவில் அது தானே இயங்கலாயிற்று. எனினும், உயரவாட்டில் இப்பயன் இல்லாமையால், பெரிய எழுத்துக்களின் மேல்வளைவும் கீழ்வளைவும் படிப்படியாய் வெட்டுண்டு தோன்றின. 2009ல் விண்டோஸ் 7உடன் வந்த டைரக்ட்ரைட் இக்குறையைப் போக்கியது. எழுத்தைக் கட்டத்தின் பின்னத்திலும் நிறுத்த வழி செய்தது.

3. மேக் அளித்த விடை

ட்ரூடைப் கட்டளைகளை உலகுக்கு அளித்த ஆப்பிள் நிறுவனமே, 2001ல் வெளிவந்த தன் மேக் ஓ.எஸ். எக்ஸில் அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது விட்டது வியப்பன்றோ! கலைஞர் வரைந்த வடிவமே தலைமையானது, திரை அதற்கு இயன்றவரை பணிய வேண்டும் என்பது அதன் கொள்கை. அதனால் அச்சிட்ட பக்கத்திற்கும் திரைக்கும் ஒற்றுமை மிக்கது. வரிகளின் அகலம் மாறாது நின்றது. ஆனால் சிறிய எழுத்துக்களின் விளிம்பு மங்கி, எழுத்துச் சற்றே தடித்துத் தோன்றியது. விண்டோஸிற் பழகியவர் மேக்கைக் கண்டு 'புகைபடிந்தது' என்பதும், மேக்கிற் பழகியவர் விண்டோஸைக் கண்டு 'எலும்பும் தோலுமாயிருக்கிறது' என்பதும் இதனாலேயே. இருவரும் தத்தம் கண்பழக்கத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

வேறு இரண்டு காரணங்களும் இவ்வேற்றுமையை வளர்த்தன. முதலாவது, அளவு. 1984ல் வந்த முதல் மேக்கின்டாஷ் ஓர் அங்குலத்துக்கு 72 கட்டம் என்று கணக்கிட்டது. விண்டோஸ் 96 என்று கணக்கிட்டது. ஆகவே 12 புள்ளி அளவுள்ள எழுத்து முன்னதில் 12 கட்ட உயரமும், பின்னதில் 16 கட்ட உயரமும் பெற்றது. இரண்டாவது, ஒளி. 2009 வரையில் மேக்கின் ஒளியளவு விகிதம் 1.8, விண்டோஸினது 2.2. ஒரே சாம்பல் நிறம் ஒன்றில் வெளுத்தும் மற்றொன்றில் கறுத்தும் தோன்ற இதுவே போதுமாயிருந்தது. 2009ல் ஆப்பிளும் 2.2 என்னும் விகிதத்துக்கு மாறியது.

4. லினக்ஸ் அளித்த விடை

லினக்ஸில் இப்பணியைச் செய்வது 1996ல் தொடங்கப்பெற்ற ஃப்ரீடைப் என்னும் மென்பொருள். ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளிலும் இதுவே உளது. ட்ரூடைப் கட்டளைகளைச் செயற்படுத்தும் முறைக்கு ஆப்பிள் காப்புரிமை பெற்றிருந்தமையின், ஃப்ரீடைப் அவற்றை இயல்பாகப் பயன்படுத்தாமல், எழுத்தின் வடிவைத் தானே ஆய்ந்து திருத்தும் ஒரு முறையை வகுத்துக்கொண்டது. 2010ல் அவ்வுரிமை காலாவதியானபின் கட்டளைகளும் இயல்பாகவே பயன்படுத்தப்பட்டன. திருத்தமே வேண்டா, சிறிதளவு வேண்டும், முழுதும் வேண்டும் என்று பயனரே தேர்ந்துகொள்ளலாம் என்பது லினக்ஸின் தனிச்சிறப்பு. 'சிறிதளவு' என்பது எழுத்தை உயரவாட்டில் மட்டும் கட்டத்தோடு ஒட்டவைத்து, அகலத்தை மாற்றாது விடுதல். ஏனைய இருவர் கொள்கைக்கும் இஃது ஒரு நடுவழி.

5. தமிழ் எழுத்துக்கு வரும் இடர்

இதுவரை கூறியது அழகைப் பற்றியதென்று சிலர் கருதலாம். தமிழில் இது பொருளைப் பற்றியதுமாகும். ரோமன் எழுத்துக்களிற் பெரும்பாலானவை நிமிர்ந்த கோடும் கிடைக்கோடும் மிக்கவை. கட்டத்துக்கு எளிதிற் பணிவன. தமிழெழுத்துக்களோ வளைவும் சுழியும் மிக்கவை. 'விடு' என்பதற்கும் 'வீடு' என்பதற்கும் உள்ள வேற்றுமை மேல்விலங்கின் நுனியிலுள்ள ஒரு சுழி. 'கெடு' என்பதற்கும் 'கேடு' என்பதற்கும் உள்ள வேற்றுமை கொம்பின் தலையிலுள்ள ஒரு சுழி. 'பல' என்பதற்கும் 'பல்' என்பதற்கும் உள்ள வேற்றுமை ஒரு புள்ளி. சிறிய அளவில், சுழியின் உள்வெளி ஒரு கட்டத்தினுங் குறைந்துவிடுமாயின், கட்டத்தோடு ஒட்டவைக்கும் முறை அதனை அடைத்துவிடக்கூடும். சாம்பலால் நிரப்பும் முறை அதனை மங்கவைத்துவிடக்கூடும். கற்றவர் சொற்றொடரை நோக்கிப் பொருளை ஊகித்துக்கொள்வர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவரும், பார்வை குன்றிய முதியோரும் அவ்வாறு ஊகித்தல் எளிதன்று.

இதனினும் பெரிய இடர் மற்றொன்றுண்டு. யூனிகோடு முறையில் 'கெ' என்னும் எழுத்து, ஒலிக்கும் முறைப்படி முதலிற் ககரமும் பின்னர் ஒற்றைக்கொம்புமாகவே சேமிக்கப்படுகின்றது. கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்துவது இயங்குதளத்தின் வேலை. 'கொ' என்பதிலோ ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னுமாக நிறுத்த வேண்டும். இவ்வேலையை விண்டோஸில் யூனிஸ்கிரைப் என்பதும் பின்னர் டைரக்ட்ரைட்டும், மேக்கிற் கோர்டெக்ஸ்ட் என்பதும், லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஹார்ஃப்பஸ் என்பதும் செய்கின்றன. இவ்வேலை நிகழாத பொறியில் கொம்பு இடம் மாறி நிற்கும். அல்லது புள்ளிகளாலான ஒரு வெறும் வட்டத்தின் பக்கத்தில் தனித்து நிற்கும். 'ஸ்ரீ' என்பதை இருவகையாகச் சேமிக்கலாமாதலின், ஓர் எழுத்துருவில் அது கூட்டெழுத்தாகவும், பிறிதொன்றில் உதிர்ந்த எழுத்துக்களாகவும் தோன்றுதல் உண்டு.

எழுத்துரு இல்லாமையால் வரும் மாற்றமும் கருதத்தக்கது. நாம் எழுதிய எழுத்துரு பிறர் பொறியில் இல்லையாயின், இயங்குதளம் தன்னிடமுள்ள ஒன்றை இட்டு நிரப்பும். விண்டோஸில் லதா அல்லது நிர்மலா, மேக்கில் இணைமதி அல்லது தமிழ் சங்கம், லினக்ஸில் லோஹித் அல்லது நோட்டோ என்பன அவ்வாறு வருவன. இவற்றின் அகலமும் உயரமும் ஒன்றல்ல. ஆதலின் வரியும் பக்கமும் மாறுவது திண்ணம். யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த ஆவணங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உரிய எழுத்துரு இல்லாத பொறியில் அவை பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

6. அண்மைக்கால மாற்றம்

கட்டங்கள் மிகச் சிறியனவாயின் இப்பிணக்குத் தானே தணியும். 2010ல் வந்த ஐஃபோன் 4இன் திரையில் ஓர் அங்குலத்துக்கு 326 கட்டங்கள் இருந்தன. 2012ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் 220. இத்தகைய திரைகளில் வடிவத்துக்கும் கூர்மைக்கும் போராட்டம் குறைவு. இதனைக் கருதியே போலும், 2018ல் மொஹாவே என்னும் பதிப்பில் ஆப்பிள் நிறுவனத்தார் மூவண்ணக் கீற்று முறையைக் கைவிட்டனர். ஆனால் 1920 கட்ட அகலமும் 1080 கட்ட உயரமும் உள்ள 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 கட்டங்களே உள. அத்தகைய திரையின்முன் அமர்ந்து படிப்போர் உள்ளவரையில் இவ்வாராய்ச்சிக்குப் பயன் உண்டு.

7. மாணவர் செய்து காணத்தக்கது

ஒப்பிடுங்கால் ஒன்று ஒழிய ஏனைய யாவும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியின் முதல் விதி. எழுத்துரு ஒன்றாயிருக்க, கட்டக் கணக்கில் அளவு ஒன்றாயிருக்க, திரையின் நெருக்கம் ஒன்றாயிருக்க, இயங்குதளம் மட்டும் வேறாயிருத்தல் வேண்டும். இயலுமாயின் ஒரே திரையையே மூன்று பொறிகளோடும் மாறி மாறி இணைத்துக் காண்க. 'விடு, வீடு, கெடு, கேடு, பல, பல், கொள், கோள், ஸ்ரீ' என்னும் சொற்களை 12, 16, 24 கட்ட அளவுகளில் எழுதி, எவ்வளவு தூரத்தில் எச்சொல் ஐயத்துக்கிடமாகின்றது என்று குறித்துக்கொள்க. இயங்குதளத்தின் பெயரை அறியாத ஒரு நண்பரைக்கொண்டு படிப்பித்தல் நன்று; ஏனெனில், பழக்கம் தீர்ப்பில் நுழைந்துவிடும்.

முடிவுரை

எவ்வியங்குதளம் சிறந்தது என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. சிறிய திரையிற் சிறிய எழுத்தை நெடுநேரம் படிப்பவர்க்குக் கூர்மை வேண்டும். அச்சுக்கு நூல் அமைப்பவர்க்கு வடிவம் வேண்டும். எனினும் எழுதுவோர் யாவர்க்கும் பொதுவான கடமை ஒன்று உளது. நம் திரையில் நாம் காண்பதையே பிறரும் காண்பர் என்று கொள்ளுதல் ஆகாது. ஆவணத்தை யூனிகோடில் எழுதுக. பக்க அமைப்பு மாறலாகாதாயின், எழுத்துருவை உள்ளே பொதிந்த பி.டி.எஃப். ஆக்கி அனுப்புக. பலர் படிக்கவேண்டிய அறிவிப்பையோ வினாத்தாளையோ வெளியிடுமுன் வேறொரு பொறியில் ஒருமுறை திறந்து பார்க்க. எழுத்தின் அளவைச் சற்றுப் பெரிதாகவே வைக்க. ஒரு சுழி அடைபட்டமையால் 'கேடு' என்பது 'கெடு' ஆகிவிடலாம். அதனை எழுதியவர் அறியார், படித்தவரே அறிவர்.