கூண்டுக்கிளிக்கு என்ன கொடுக்கலாம்?

முதல்ல ஒரு விஷயம். நம் கல்வராயன் மலையில் மக்காச்சோளக் கொல்லைக்கு வரும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பொந்தில் இருந்து குஞ்சு எடுப்பதும் குற்றம்தான்.

'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் வளர்ப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலிய நாட்டுச் சின்னக் கிளி. அதை வளர்க்கலாம். ஆனால் சும்மாவே அடைச்சு வெச்சா, சில கிளி தன் இறகையே பிடுங்கிக்கும். அதனால் விளையாட்டுப் பொருள் தேவை. கிளிக்கு அலகுதான் கை. எதைக் கொடுத்தாலும் கடிச்சுப் பார்க்கும்.

கொடுக்கலாம்:
1. நார் நீக்கி, கழுவிக் காயவைத்த கொட்டாங்குச்சி
2. சாயம் போடாத பனை ஓலைப் பின்னல்
3. மருந்து அடிக்காத கொய்யாக் கிளை
4. காய்ந்த மக்காச்சோளக் கட்டை (பூஞ்சை பிடித்தால் எறிந்துவிடவும்)

கொடுக்கக் கூடாது:
1. ஜி.ஐ. கம்பித் துண்டு – மேல்பூச்சு துத்தநாகம். உரிந்து வயிற்றில் போனால் விஷம்.
2. பழைய பெயிண்ட் அடித்த கட்டை – ஈயம் இருக்கலாம்.
3. அரளிக் குச்சி – செடி முழுவதும் விஷம்.
4. நைலான் நூல் – பிரிந்து காலில் சுற்றும். எங்க பெரியம்மா வீட்டுக் குருவிக்கு இப்படித்தான் ஒரு விரல் போச்சு.

பொருளைத் தினமும் பாருங்க. உடைஞ்சிருந்தா உடனே எடுத்துடுங்க.

மலைக்கிளிக்கு நாம் பொம்மை செய்ய வேண்டாம். பொந்து உள்ள பழைய மரத்தை வெட்டாமல் விட்டாலே போதும். அதுதான் அதன் வீடு!

– 9-ஆம் வகுப்பு மாணவி