மைக் கைக்கு வந்த முதல் நிமிஷம்

வேலையை முடித்தவர் ஒருவர், அதை கிளையன்ட் முன்னால் எடுத்துச் சொல்லிப் பெயர் வாங்கியவர் இன்னொருவர். பல டீம்களில் இதைப் பார்த்துவிட்டேன். அப்ரைசல் சமயத்தில் மேனேஜருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த இன்னொருவரின் முகம்தான். எடுத்துச் சொல்லும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பேசத் தயாராக இதோ சில வழிகள்.

1. முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் உருப்போட்டால், நடுவில் ஒரு சொல் தவறியதும் மொத்தமும் நின்றுவிடும். படபடப்பு அதிகம் இருப்பது ஆரம்பத்தில்தான். அதைத் தாண்டிவிட்டால் நாக்கு வழிக்கு வந்துவிடும். "ஸ்க்ரீன் தெரியுதா? இன்னைக்கு நான் பேசப்போற டாபிக் என்னன்னா..." என்று இழுக்க வேண்டாம். "போன மாசம் வந்த சப்போர்ட் டிக்கெட்ல பாதி ஒரே பிரச்சினைக்கு வந்தது. அதுக்குத் தீர்வு கொண்டு வந்திருக்கோம்." இப்படி நேராக விஷயத்தில் இறங்குங்கள்.

2. ஸ்லைடைப் பார்த்து மனசுக்குள் ஓட்டுவது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, சத்தமாக, போனில் டைமர் வைத்து மூன்று தடவை பேசுங்கள். ஒரு தடவை ரெக்கார்ட் செய்து கேளுங்கள். எத்தனை 'ஆக்சுவலி', எத்தனை 'பேசிக்கலி' என்று தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்களில் இதை எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு 'ஆ கவுன்ட்டர்' என்று பெயர். 1924-ல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அந்த அமைப்புக்குச் சென்னையிலும் கோவையிலும் கிளப்கள் இருக்கின்றன. அங்கே 'டேபிள் டாபிக்ஸ்' சுற்றில், அப்போதுதான் கொடுத்த தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். இன்டர்வியூவுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

3. கை நடுங்குமா? ஏ4 தாளைத் தொடாதீர்கள். விரல் லேசாக ஆடினாலே தாள் படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளங்கை அளவு கெட்டி அட்டையில் ஐந்து சொற்கள் போதும்.

நெஞ்சு அடித்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிகிறது என்றுதான் தோன்றும். அவ்வளவு தெரியாது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பேசியவர்கள் நினைத்த அளவுக்கு அவர்களுடைய பதற்றம் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இதை முன்கூட்டியே சொல்லி மேடையேற்றப்பட்டவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள். அதனால் "சாரி, கொஞ்சம் நெர்வஸா இருக்கேன்" என்று நீங்களே அறிவிப்பது வீண் நஷ்டம்.

4. ஸ்லைடு மாறும்போது வாயை மூடுங்கள். இரண்டு விநாடி மௌனம் உங்களுக்குத்தான் நீளம்.

5. கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால் மழுப்பாதீர்கள். "அந்த நம்பர் இப்ப கையில இல்ல சார், அஞ்சு மணிக்குள்ள மெயில் பண்றேன்" என்று சொல்லுங்கள். நாலரைக்கே அனுப்பிவிடுங்கள், மேனேஜரை சிசி-யில் போட்டு.