பிள்ளையின் மனவடுச் சிகிச்சையில் பெற்றோரின் பங்கு

வீதி விபத்து, நெருங்கிய உறவினரின் திடீர் மரணம், வன்முறை, பாலியல் துன்புறுத்தல், போர் போன்றவற்றைச் சந்தித்த பிள்ளையின் மனதில் ஆறாத காயம் ஏற்படலாம். இதனையே மனவடு என்கிறோம். கெட்ட கனவு, திடுக்கிடுதல், படிப்பில் கவனமின்மை, காரணமற்ற கோபம், சிறு பிள்ளையாயின் மீண்டும் படுக்கையில் சலம் போதல் என்பன இதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அஜின்கோர்ட்டில் வாழும் எம்மில் பலர், பிள்ளையை ரியூசனுக்கு விடுவது போலச் சிகிச்சையாளரிடம் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிறோம். இது போதாது.

பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான பிள்ளைகள் பற்றி எஸ்தர் டெப்லிங்கரும் சக ஆய்வாளர்களும் 1996 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிள்ளை நேரடியாகச் சிகிச்சை பெற்றபோது மனவடு அறிகுறிகள் குறைந்தன. தாயும் சிகிச்சையில் பங்குபற்றியபோது பிள்ளையின் மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் குறைந்தன. ஆகவே இரண்டுமே தேவை.

மனவடுவை மையமாகக் கொண்ட அறிகை நடத்தைச் சிகிச்சை இந்த அடிப்படையில் உருவானது. 3 முதல் 18 வயது வரையானோருக்கான இச்சிகிச்சை வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள் கொண்டது. ஒவ்வொரு முறையும் பெற்றோருக்கும் தனியாக நேரம் ஒதுக்கப்படும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

• அறிகுறிகளைக் குழப்படி என எண்ணித் தண்டியாதீர்கள்.

• மூச்சுப் பயிற்சி போன்றவற்றை வீட்டில் பிள்ளையுடன் சேர்ந்து செய்யுங்கள்.

• உணவு, உறக்க நேரங்களை ஒழுங்காகப் பேணுங்கள்.

• பிள்ளை தனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லும் நாள் வரும். குறுக்கிடாமல், குற்றஞ்சாட்டாமல் கேட்கச் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

"நாங்கள் காணாத ஷெல்லடியா? கதைக்காவிட்டால் மறந்துவிடும்" என்று சொல்வோர் எம்மிடையே உண்டு. ஆனால் அம்மா அழுவார் என்று அஞ்சும் பிள்ளை வாய் திறப்பதில்லை. மோட்டன் பைசர் குழுவினர் ரொறன்ரோத் தமிழ் வளர்ந்தோரிடம் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றிலொருவர் கொடூர அனுபவங்களைச் சந்தித்திருந்தனர். 12 சதவீதமானோரிடம் மனவடு நோய் காணப்பட்டது. எமது காயத்திற்கும் உதவி பெறுவது பிள்ளைக்குச் செய்யும் உதவியே.

ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் துயரத்தைத் தானே மொழிபெயர்க்கும் சுமை அதற்கு வேண்டாம். தீங்கு செய்தவர் வீட்டிலேயே இருந்தால் அவரை அமர்வில் சேர்க்கக் கூடாது. முதலில் பிள்ளையின் பாதுகாப்பை உறுதிசெய்து, சிறுவர் பாதுகாப்புச் சங்கத்திற்கு அறிவிக்க வேண்டும்.

ஒன்ராறியோ அரசின் நிதியில் இயங்கும் சிறுவர் உளநல நிலையங்களில் கட்டணம் இல்லை. அருகிலுள்ள சேவையை அறிய 211 ஐ அழையுங்கள். பிள்ளைகள் தாமாகவே கதைக்க விரும்பினால் கிட்ஸ் ஹெல்ப் போன், 1-800-668-6868. தற்கொலை எண்ணம் தென்பட்டால் 988. உடனடி ஆபத்தாயின் 911.

அடுத்த அமர்வுக்குப் போகும்போது, "நாங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" என்று சிகிச்சையாளரிடம் கேட்போம்.